ஹோல்டான் என்று சொன்னவள்

அக்கா, அவள் கப்பலை நிறுத்தச் சொல்லவே இல்லையாம்.

நீங்கள் கண்ணை மூடி ஒன்பதாம் நாள். அடிவாரத்தில், காரவள்ளியில் என் வீட்டில் மருமகள் டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தப் பழைய விண்கப்பல் தொடர் வந்தது. அதே ஏழு பேர், அட்டையில் செய்தது போன்ற அதே சுவர், இடது ஓரத்தில் மினுக் மினுக்கென்று எரியும் பல்புகளுக்கு முன்னால் நம் ஆள். காதில் கருவி, இறுக்கி முடிந்த கொண்டை, நிமிர்ந்த முதுகு. "மாத்தாத, மாத்தாத" என்று நான் கத்தியதில் மருமகள் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்துவிட்டது. இப்போதெல்லாம் அவர்கள் பேசும் இங்கிலீசை அடியில் தமிழில் எழுதிக் காட்டுகிறார்கள். அன்றைக்கு நமக்கு அந்த வசதி இல்லை. படத்தைப் பார்த்துக் கதையை நாமேதான் கட்டிக்கொண்டோம்.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர்கள் நாம் இரண்டே பேர். நீங்கள் திருப்புலி நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்தவர். நான் அடிவாரத்திலிருந்து வேலைக்கு வந்தவள், உங்களைவிட மூன்று வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்து டிவியில் அந்தத் தொடர் வரும். வரும் போன்களைக் கையால் சொருகி இணைக்கும் போர்டில் ஒருவர் உட்கார்ந்தால்தான் இன்னொருவர் போக முடியும். அதனால் ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான். பார்த்தவர் வந்து பார்க்காதவருக்குக் கதை சொல்லவேண்டும். பாதிக் கதை நம் சொந்தச் சரக்கு.

அவளை நமக்கு ஏன் அவ்வளவு பிடித்தது? அவளும் நம்மைப்போல் காதில் கருவி மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தவள் என்பது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை. அவளுக்கென்று தனியாகக் கதையே கிடையாது. அவள் ஊரை, வீட்டை, கல்யாணத்தை யாரும் காட்டவில்லை. வேலையை மட்டும் காட்டினார்கள். எத்தனை இரைச்சலிலும் முதலில் காதில் வாங்குகிறவள் அவள். மற்றவர்கள் பதறிக்கொண்டு ஓடும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள். ஒருமுறை போர்டு கெட்டுப்போய், மேசைக்கு அடியில் படுத்துக் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி ஒயரைச் சேர்த்தாள். "நம்ம ரோட்டுல எழுவது கொண்ட ஊசி இருந்தும் மாசத்துக்கு ஒரு லாரி கவுருது. அவளுக்கு ஒண்ணே போதும் பாரு" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் சிரித்த சிரிப்பில் ஒரு ட்ரங்க் காலைத் தப்பான இடத்தில் சொருகிவிட்டேன்.

அவள் பேசியதில் நம் இருவருக்கும் புரிந்த ஒரே வார்த்தை 'ஹோல்டான்'. அது நமக்கு இங்கிலீஷே இல்லை, பஸ் வார்த்தை. மலைரோட்டு வளைவில் பஸ்ஸின் பின்பக்கம் டிரைவருக்குத் தெரியாது. கண்டக்டர் இறங்கி நின்று 'ரைட், ரைட்' என்றால் வண்டி பின்னால் வரும், 'ஹோல்டான்' என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். அதற்கு மேல் ஒரு சாண் நகர்த்த எந்த டிரைவருக்கும் தைரியம் கிடையாது. இவள் போர்டிலிருந்து திரும்பி 'ஹோல்டான்' என்பாள், உடனே அந்தப் பெரிய கப்பல் குலுங்கி நிற்கும். நமக்கு வேறு என்ன தோன்றும்? நடுவில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள் டிரைவர், இவள் கண்டக்டர், கப்பல் இவள் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டோம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பஞ்சாயத்து கிளார்க், "ஏனுங்க, அவருதானுங்க கேப்டன், அந்தம்மா சும்மா உதவிக்கு இருக்கறவங்க" என்றார். நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "இருந்துட்டுப் போவட்டுங்க. அவ சொல்லாம அவரு ஓட்டுவாரா?"

அந்த ஐப்பசி ஞாயிறு என் டூட்டி. ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாக மழை விடவில்லை. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். போன வாரம் கப்பல் ஆபத்தான இடத்தில் நிற்க, 'தொடரும்' போட்டிருந்தார்கள். "இது என் மொறதான், ஆனா பாதி பாத்தவ நீ. மீதியயும் நீயே போய்ப் பாத்துட்டு வா கண்ணு, நான் போர்டப் பாத்துக்கறேன். என்னாச்சுன்னு தெரியாம எனக்கு ஒரு வாரமா வேலயே ஓடல" என்றீர்கள். டூட்டியில் இருப்பவள் போர்டை விட்டு வெளியே போவது பெரிய குற்றம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அப்படியும் போனேன். ஆசைதான் அக்கா, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் டிவி முன்னால் இருந்த நேரத்தில் நடந்தது முழுவதும் நீங்கள் பின்னால் சொல்லித் தெரிந்ததுதான். ரோட்டில் கீழே இருந்த ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டிலிருந்து வாட்சர் கூப்பிட்டார். தண்ணீர் செம்மண்ணாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போனது. மழைக்காலத்தில் அது வழக்கம். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதற்கு மேல் வளைவில் இருந்த லைனும் போனது, பிறகு அதற்கும் மேல் இருந்தது. ரோட்டு ஓரமாகத்தான் நம் கம்பங்கள் வரிசையாக ஏறி வரும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சாகிறது என்றால் காற்றில் கம்பி அறுந்த வேலை இல்லை, மலையே அசைகிறது என்று உங்களுக்குப் புரிந்தது. போர்டைப் பார்த்தே மலையைப் படித்தீர்கள். வேறு யாராக இருந்தாலும் லைன்மேனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பத்தரை மணி பஸ் கிளம்பிப் போயிருந்தது. சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்க நிற்கும், அதை விட்டால் நேரே இறக்கம்தான். டீக்கடை போனுக்கு அடித்துக் கண்டக்டரை வரச் சொன்னீர்கள். பஸ் நிறைய சனம், பலாப்பழமும் மிளகு மூட்டையும் கைக்குழந்தைகளுமாக.

"யாரு உத்தரவுங்க? டிப்போல கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று கேட்டார் அவர்.

"உத்தரவெல்லாம் இல்லீங்க. நான் சொல்றேன். ஹோல்டான்!"

அவர் நிறுத்தினார். அரைமணி நேரத்தில் இறக்கத்தில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ரோடு இருந்த இடம் காணாமல் போனது. ரோடு மட்டும் நன்றாக இருந்திருந்தால் பஸ்ஸை மறித்ததற்கு உங்கள் வேலை போயிருக்கும். டூட்டியில் இல்லாதவர் போர்டில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியும் வந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான் சொன்னீர்கள்.

நான் குதித்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததும் நீங்கள் கேட்டது, "கப்பலு என்னாச்சு?" "தப்பிச்சிருச்சுக்கா! கடைசில எல்லாரும் எந்திரிச்சு நின்னு அவளுக்கு மரியாத பண்ணாங்க" என்றேன். அதன் பிறகுதான் போர்டில் செத்துக் கிடந்த லைன்களைக் காட்டி நடந்ததைச் சொன்னீர்கள்.

ரோடு சரியான பிறகு கீழேயிருந்து பெரிய அதிகாரி வந்தார். "அன்னிக்கு போர்டுல யார்?" என்று ரிஜிஸ்தரைத் திறந்தார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "இந்தப் புள்ளதானுங்க சார். நான் ஊட்டுல இருந்தேன்." அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான் அக்கா. எனக்கு மேடையில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், வேலையும் நிரந்தரமானது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நீங்கள் கை தட்டினீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் அழ, "அழுவாத சாமி. பஸ்ஸு நின்னுச்சில்ல, அது போதும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆளில்லாமல் தானே இணைக்கும் மெஷின் போர்டு வந்தது, ஆளுக்கொரு ஊருக்கு மாற்றினார்கள், ஓய்வும் பெற்றோம். பொங்கலுக்குப் பொங்கல் பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் இந்த முறை பேசிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மலை ஏறுவேன். பேசாமலே இறங்குவேன்.

ஒன்பதாம் நாள் டிவியில் வந்தது அன்றைக்கு நான் பார்த்த அதே கதைதான், இந்த முறை அடியில் வந்த எழுத்தைப் படித்தேன். 'ஹோல்டான்' என்றால் அவர்கள் ஊரில் 'கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று அர்த்தமாம். கப்பல் குலுங்கப் போகிறது என்று மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லியிருக்கிறாள். நிறுத்தியது அந்த டிரைவர்தான். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்றதும் அவளுக்காக இல்லை, அந்த ஆள் உள்ளே வந்ததற்காக. அவர் இன்னொருவன் தோளைத் தட்டிக் கொடுக்கிறார். அவள் திரும்பிப் போர்டைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இத்தனைக்கும் ஆபத்தை முதலில் கேட்டவள் அவள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, உங்களுக்குப் போன் போடக் கை போனது. நீங்கள் இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. சோபாவில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அதனால்தான் கருமாதிக்கு வந்த இடத்தில், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்குப் பஸ்ஸை நிறுத்தியது நான் இல்லை, இந்த அக்காதான் என்று. மூலையில் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர் அந்தப் பழைய கண்டக்டர் என்பது அவர் பேசிய பிறகுதான் தெரிந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. தெனமும் கேக்கற குரலு தெரியாதுங்களா? சாயந்தரமே இந்தம்மாவே திரும்பக் கூப்புட்டு, யாரு கேட்டாலும் அந்தப் புள்ள பேசுச்சுன்னு சொல்லிப்போடுங்க, இல்லாட்டி அது பொழப்பு போயிரும்னாங்க. டீக்கடைக்காரருக்கும் தெரியும். நாங்க ஆருட்டயும் மூச்சு உடல."

ஆக, நான் ஒளித்துவைத்ததாக நினைத்ததை இந்த மலையில் பலபேர் எனக்காக ஒளித்துவைத்திருக்கிறார்கள். தெரியாமல் இருந்தது உங்கள் மகளுக்கு மட்டும்தான். நீங்கள் வீட்டிலும் என் பெயரைத்தான் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். சின்னம்மா எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா என்று. அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க சின்னம்மா?" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, இப்பவாவது சொல்லுங்க. அந்நேரத்துல அம்மா எப்புடி இருந்துச்சு? பயந்துச்சா? எந்திரிச்சு நின்னு பேசுச்சா, உக்காந்தே பேசுச்சா?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக என் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற அந்தப் பாராட்டுப் பத்திரம், அந்த நேரத்தில் நான் அங்கே இருந்ததாகச் சொல்கிறது. உங்கள் மகள் உங்களை ஒரே ஒரு முறை பார்க்கக் கேட்கிறாள், காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. அவள் கையைப் பிடித்தபடியே சொன்னேன், "எனக்குத் தெரியாது கண்ணு. நான் அங்க இல்ல."