நாற்காலிக் காலுக்கு எலுமிச்சம்பழம்

அபிராமபுரம்
வியாழக்கிழமை

சிரஞ்சீவி ஹம்சாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை. ஸ்காட்லாந்தில் நீயும் உன் காறையெலும்பும் உன் மலை சைக்கிளும் நலமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும், அதனால் எழுதுகிறேன், அம்மா போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

இடுப்பு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உன் போனில்தான் ஆரம்பம். காறையெலும்பு சேர்ந்துவிட்டது, மற்ற இடத்தில் எல்லாம் சைக்கிள் பறக்கிறது, போன வருஷம் விழுந்த அந்தப் பாறை இறக்கம் வந்தால் மட்டும் கை தானாக பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்று நீ போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனப்பயிற்சி தரும் அந்த ஊர் அம்மாள், நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து முழுப் பாதையையும் மனதுக்குள் ஓட்டிப் பார், பாறையைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார் என்று சொன்னதாகவும், ஆபீஸ் வேலையில் அதற்கு நேரமே இல்லை என்றும் சொன்னாய். ரிடையர் ஆன எனக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல். நீ ஹெல்மெட் கேமராவில் எடுத்து அனுப்பிய வீடியோவை மனப்பாடம் செய்து உன் சார்பில் நானே ஓட்ட ஆரம்பித்தேன். கோயிலில் உன் பெயர் நட்சத்திரம் சொல்லி நான் அர்ச்சனை செய்தால் பலன் உனக்கு வருகிறது, இது மட்டும் வராதா. ஹம்சா, உத்திராட நட்சத்திரம் என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் கிளம்புவேன். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு பாட்டு வகுப்பை முடித்துவிட்டுப் பக்கத்தில் தாளம் போட உட்கார்ந்துவிட்டாள், வளைவுல ஓடறேள், காலப்பிரமாணம் நிக்கலை என்று அதட்டல் வேறு. புது வண்டியை எலுமிச்சம்பழம் வைக்காமல் யாராவது கிளப்புவார்களா என்று நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் பழம் வைத்தவளும் அவள்தான். முதல் வளைவில் இடது பக்கம் சாய்ந்தேன், நாற்காலியும் சாய்ந்தது. சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் மெஹபூப் அலி பாய் ஓடி வந்து, இன்னா சார், எங்க வுழுந்தீங்க என்று கேட்டார். ஸ்காட்லாந்தில் என்றேன். பாவம், தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, கவலைப்படாதே.

பழத்தை எடுத்து ஜூஸ் போட்டுக் குடித்தும் ஆயிற்று, ஆனால் அந்த நாற்காலியில் இன்னும் என்னால் உட்கார முடியவில்லை ஹம்சா. பக்கத்தில் போனாலே முழங்கால் விறைத்துக்கொள்கிறது. நாற்காலி தரையில் ஒழுங்காகத்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறது, முழங்காலுக்குத் தெரியவில்லை. நீ சொன்னது அப்போதுதான் புரிந்தது, உன்னை நினைத்து அழுகை வந்துவிட்டது. பயிற்சியை நான் விடவில்லை, சுவரில் சாய்ந்து நின்றபடி ஓட்டுகிறேன், ஆனால் பாறைக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறேன். நேற்று அம்மா, பாறை எறங்கினேளா என்று கேட்டாள். இல்லை, அங்கேயே நிக்கறேன் என்றேன். அவளும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நானும் வந்துட்டேன், இங்க தூறிண்டிருக்கு, நல்ல வேளை குடை எடுத்துண்டு வந்தேன் என்றாள்.

அதனால் ஞாயிறன்று ஓட்டுவதும் பெயரை எடுப்பதும் உன் இஷ்டம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டுவதானால் ஒன்று மட்டும் தெரிந்துகொள், பாறைக்கு இடது பக்கம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குடையில் நிற்கிறோம். எங்களுக்காக நிற்காதே, திரும்பியும் பார்க்காதே, அந்த அம்மாள் சொன்ன மாதிரி போகவேண்டிய இடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இரு. நாங்கள் மெதுவாக நடந்து இறங்கிக்கொள்கிறோம்.

நீ தீர்க்காயுசாக, எலும்பெல்லாம் முழுசாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆசீர்வாதம். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது. என்ன ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் செய். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
வேதாந்தம்