முறைக்காத பூதம்

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் நலம், உன் முழங்கால் வலி தேவலையா? பதறாமல் படி. கொரட்டூரில் கெங்கம்மாள் என்பவரின் புது வீட்டு வாசலில் திருஷ்டி பூதம் வரைந்தேன். மாதிரிப் படம் கிடையாது. உன் அண்ணனின் முறைப்பையும் மீசையையும் நினைத்துக்கொண்டே தீட்டினேன். அவரிடம் சொல்லிவிடாதே.

கெங்கம்மாள் பார்த்ததும், “இன்னா நைனா, உன் மூஞ்சி மாதிரியே கீது! முறைக்கச் சொன்னா, ஊட்டுக்குப் போவணும்னு அழுதுகினு கீது!” என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. பைக் கண்ணாடியில் பார்த்தேன். அதே கண்கள்! மூன்று முறை அழித்து வரைந்தும் அழுகை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம்; அதற்குள் பூதம் முறைக்காவிட்டால் வேறு பெயிண்டராம்.

நீ கோபமாக இருக்கும் போட்டோ ஒன்றை உடனே அனுப்பு. சிரிக்கிற போட்டோ வேண்டாம். பார்த்தால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன்.

அவசரத்தில்,
சுடலைமணி