மேற்கே பார்த்த கோல்கம்பம்

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி.

பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை நீதான் எழுதுகிறாய் என்று கேட்டதும் துள்ளிக் குதித்தேன். சரித்திரம் படித்த அக்கா இருந்து எனக்கென்ன லாபம் என்று இத்தனை நாள் நினைத்ததற்கு மன்னித்துக்கொள்.

எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். பார்வையாளர் கேலரி, ரோட்டிலிருந்து பார்த்தால் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று, வடக்கு தெற்காகப் போடவேண்டிய மைதானத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டார்கள். அதனால்தான் அன்று நான் கோல்கீப்பராக நின்ற இறுதிப் போட்டியில் சாயங்கால வெயில் என் கண்ணில் நேராக அடித்தது, பந்தும் உள்ளே போனது. இதை அப்படியே எழுது. பழைய ஆட்கள் இன்றும் என்னை “ஓட்டைக் கை” என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி முன்னாலேயே கூப்பிட்டார்கள். மானம் போயிற்று.

உன் தம்பி

மே 19

அன்புத் தம்பிக்கு,

கோபப்படாமல் படி. எழுதினேன்டா. பதிவாளர் அந்த வரியை அடித்துவிட்டார். திரும்ப எழுதினேன், திரும்ப அடித்தார். “ஏம்மா, பிளான் போட்டவரே விழாவுக்குச் சிறப்பு விருந்தினரா வர்றாரு. அவர் மூஞ்சியில எப்படிம்மா முழிக்கிறது?” என்கிறார். “கோல்கீப்பரின் கவனக்குறைவால்” என்று அவரே எழுதி வைத்திருந்தார். படாத பாடு பட்டு, “கோல்கீப்பர் எதிர்பாராத விதமாகப் பந்தைத் தவறவிட்டார்” என்று மாற்றினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் கேள். இப்போது மைதானத்தை வடக்கு தெற்காகத் திருப்பப் போகிறார்கள். கேட்டால் “புதுப்பிப்பு” என்கிறார்கள்!

புத்தகத்தை உனக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே “என் தம்பிக்கு” என்று இருக்கும். விழாவுக்குக் கட்டாயம் வா.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

மைதானத்தையே திருப்புகிறவர்களுக்கு ஒரு வரி எழுத மனசு வரவில்லை. அவர்களை விடு. அவர்கள் எனக்கு யாரோ.

எதிர்பாராத விதமாகவா? இடைவேளையில் கோச்சிடம், “சார், அந்தப் பக்கம் போனா பந்தே தெரியாது சார்” என்று கெஞ்சினேன். நீ கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்றாய். நீயும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டுதான் நின்றாய். வீட்டுக்கு வந்ததும், “உன் மேல தப்பே இல்லடா” என்று அழுததும் நீதான். அதைத்தானே ஊருக்கும் சொல்லச் சொன்னேன்?

சமர்ப்பணத்தை எடுத்துவிடு. உள்ளே என்னைக் கைவிட்டுவிட்டு, முதல் பக்கத்தில் தம்பி என்று கொஞ்ச வேண்டாம். விழாவுக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
கோல்கீப்பர்