பதினான்காம் தகடு

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்தே ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு இரண்டும் பக்கத்து வீட்டுத் தென்னையில். அணை நிறைந்துவிட்டதாம். நாளை படகு கிளப்பில் சீசனின் முதல் போட்டி. மேட்டுப்பாளையம் தாண்டிப் போக வேண்டும், ஆறு மணிக்கே கிளம்பணும்.

எனக்குக் கரை டூட்டி மட்டும். அப்பாடா. போன வருடம் படகு சாய்ந்து நான் தண்ணீருக்குள் விழுந்ததிலிருந்து இந்தக் காற்றைக் கேட்டாலே பயம். யாரிடமும் சொல்லவில்லை. ராஜி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மில்லையும் பார்த்துக்கொண்டு, தனியாளாகப் படகும் விடுகிறார். எனக்கு நாற்பத்தொன்று. வெட்கக்கேடு.

எடுக்க: தொப்பி, விசில், மாற்றுத்துணி, ரா. அக்காவுக்கு நாரத்தங்காய் ஊறுகாய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. மாலை 6.30, ஆஸ்பத்திரி வராந்தா

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கிளப் பலகையில் ஆளுக்கொரு எண் போட்ட தகடு. தண்ணீரில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், கரையேறியதும் பச்சைப் பக்கம். அவரவர் தகட்டை அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும். கடைசியாகத் திருப்புகிறவர் எல்லோருக்கும் போண்டாவும் டீயும் பரிமாறணும். அது எங்கள் வழக்கம். போன சீசனில் அக்கா நாலு தடவை கடைசி. “போண்டா அக்கா வாராங்கோவ்!” என்று ஒரே கேலி. அக்காவும் சிரிப்பார், ஆனால் முகம் சுண்டிப்போகும்.

இன்று மதியம் எல்லாம் பச்சை, இரண்டு மட்டும் சிவப்பு. 9, 14. பதினாலு அக்காவுடையது. மரங்களுக்குப் பின்னால் சிவப்புப் பாய் கட்டிய ஒரு படகு துறைக்குள் நுழைவது தெரிந்தது. அக்காதான் என்று நினைத்தேன். ஒரு தடவையாவது தப்பிக்கட்டுமே என்று 14ஐப் பச்சைக்குத் திருப்பிவிட்டு, போண்டா வெந்ததா பார்க்கச் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். சும்மா இருந்ததா, பாழாய்ப்போன கை.

வந்தது 9. அவருக்கும் சிவப்புப் பாய்தான். அவர் தன் தகட்டைத் திருப்ப, பலகை முழுக்கப் பச்சை. காவல் படகு ஓட்டும் ரஹீம் பாய் அதைப் பார்த்துவிட்டுப் படகைக் கரையேற்றிவிட்டார். பிறகுதான் மழையும் காற்றும் சேர்ந்து இறங்கின.

இருபது நிமிடம் கழித்து யாரோ, “ஏனுங்க, ராஜிம்மா எங்கீங்க?”

எல்லோரும் துறைக்கு ஓடினார்கள். நான் மட்டும் பலகைக்கு ஓடினேன். 14ஐ மறுபடி சிவப்புக்குத் திருப்பினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றரை மணி நேரத் தேடல். அக்கரையில் கிடைத்தார். கவிழ்ந்த படகைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில். கரை பத்தடிதான், ஏற முடியவில்லை. கரையில் ஐந்து யானைகள், குட்டியோடு. தோள் மூட்டு விலகியிருந்தது, உதடெல்லாம் நீலம். கரைக்குக் கொண்டுவந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “விசில் ஊதி ஊதிப் பார்த்தேன் கண்ணு. ஒருத்தரும் வரலே.”

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். இட்லி இறங்கவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் 102, நெஞ்சில் சளி, இன்னும் இரண்டு நாள் பார்க்கணுமாம்.

செயலாளர் நடராஜ் போன். “பலகை பச்சையா இருந்துச்சுன்னு பாய் சாதிக்கறாருங்க. நான் போய்ப் பார்க்கறப்ப சிவப்பாத்தானுங்க இருந்துச்சு. உங்களுக்கும் தெரியும்லங்க?”

“ஆமாங்க” என்றேன். ஒரு சொல். பாய் பொய்யர் ஆகிவிட்டார்.

பாயை வேலையில் வைப்பதா என்று முடிவெடுக்க ஞாயிறன்று கூட்டம். ஒவ்வொரு போனுக்கும் தூக்கிவாரிப்போடுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

பால் திரிந்துவிட்டது. அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது, மாரியாத்தா காப்பாற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ரஹீம் பாய். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி, பையில் பேரீச்சம்பழத்தோடு. என்னைப் பார்த்ததும், “சாப்டீங்களாங்க அம்மணி? முகமே வாடிப்போச்சுங்களே.” கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றார். ஏதோ கேட்கப் போகிறார் என்று பயந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். அவர் போகும்வரை வெளியே வரவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தப் படகு அவர் கையில்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். “அக்காதான் தேறிட்டாங்கல்ல, விட்டுப்போடு. பாய்க்கு வேற வேலை பார்த்துக்குடுக்கலாம்.”

ஆறுதலாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். கூட்டம் பதினோரு மணிக்கு. பாயை இன்றோடு நிறுத்துவது என்று செயலாளர் தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். அக்கா தோளில் கட்டோடு முன்வரிசையில்.

“ஏனுங்க பாய், பச்சையாத்தான் இருந்துச்சுங்களா?” செயலாளர் கேட்டார்.

“இருந்துச்சுங்க.”

“அப்ப யாருங்க திருப்புனது?”

பாய் தரையைப் பார்த்தார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. “நான்தானுங்க. பச்சைக்குத் திருப்புனதும் நான், திரும்பச் சிவப்புக்கு மாத்துனதும் நான்.”

பிறகு பாய் மெல்ல, “பார்த்தேனுங்க அம்மணி. நீங்க அக்காவப் பார்த்துட்டுத்தான் திருப்பறீங்கன்னு நம்பிப் படகை ஏத்திப்போட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க.”

ஐயோ. அந்த ஒரு வாரமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாரே.

அக்கா திரும்பினார். “எதுக்குக் கண்ணு அப்படிச் செஞ்சே?”

“நீங்க கடைசி ஆகக் கூடாதுன்னுதானுங்க அக்கா.”

“போண்டாவுக்காகவா?”

“ஆமாங்க.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு அறை விட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாய் தொடர்கிறார். எனக்கு இனிக் கரை டூட்டி கிடையாது. கிளப்பில் இருப்பதென்றால் தண்ணீரில் இறங்கு, இல்லையென்றால் விலகு. இதுதான் முடிவு.

விலகல் கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்று குறையவே இல்லை. என் தகடு 6. சிவப்புக்குத் திருப்பிவிட்டு இறங்கினேன்.

தண்ணீரில் ஒரு மணி நேரம். படகு சாயும்போதெல்லாம் அக்கா ஊதிய விசில் காதில் கேட்டது, நான் கேட்டேயிராத அந்த விசில். கைகள் கயிற்றை விடமாட்டேன் என்றன. திரும்பிப் பார்த்த போதெல்லாம் கொஞ்சம் பின்னால் ரஹீம் பாயின் படகு. கிட்டே வரவில்லை, விலகவும் இல்லை.

நான்தான் கடைசி. துறையில் இறங்கும்போதே செயலாளர் குரல்: “அவுங்கதான் வந்துட்டாங்களே, 6ஐத் திருப்பிரட்டுங்களா?”

“தொடாதீங்க.” அக்கா. பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “அவளே வந்து திருப்பட்டும்.”

ஈரக் கையால் திருப்பினேன். போண்டாத் தட்டை எடுத்தேன். முதலில் அக்காவிடம் நீட்டினேன். அவர் எடுக்கவில்லை. அணையைப் பார்த்தபடி கேட்டார்.

“எல்லாரும் வந்தாச்சா?”

வந்தாச்சுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. பலகையும் பச்சையாகத்தான் இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாக எண்ணினேன். பாயைச் சேர்த்துப் பதினாறு, கணக்குச் சரி. மறுபடி எண்ணினேன்.