நாலு மணி நேர டெஸ்ட்

கொழிஞ்சாம்பாறை
8-7-1974

என் அம்மிணிக்கு,

ஆஸ்பத்திரிக்கு நான் ஜோடி மாறின செருப்போடு வந்து நின்றதைப் பார்த்து, ஒரு கால் போன மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். "எனக்கு இனி ஒண்ணு போதுங்க மாமா, பிடிச்சதை எடுத்துக்கறனுங்க" என்றார்.

தேயிலை மூட்டை ஏற்றிய பேட்டரி வண்டி, மேட்டில் மோட்டார் புகைந்து பின்னால் உருண்டு அவர் கால் மேல் ஏறியதாம். "அந்த மோட்டாரை எந்த மகராசன் டெஸ்ட் பண்ணி அனுப்பினானோ, ஏனுங்கப்பா?" என்று நீ அழுதாய். எட்டாவது படித்துவிட்டு ஊரெல்லாம் மோட்டார் கம்பெனியில் டெஸ்ட் இஞ்சினியர் என்று சொல்லித் திரிகிற நான், தலை நிமிராமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மோட்டாரின் நம்பர் என் நோட்டில் இருக்கிறது, அம்மிணி. பாரம் கொடுத்து நாலு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மிச்ச மூணு மணி நேரமும் சூடில்லாமல் ஓடியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அப்பன்