கேள்வி கேட்காமல் எனக்குத் தந்த பதவி

அனுப்புபவர்:
திருமதி சந்திரவதனா குகதாசன்,
இல. 14, ஆல்டர் கோர்ட்,
ஹாதர்லி, வடமேற்கு லண்டன்.

பெறுபவர்:
பிரதம நிறைவேற்று அதிகாரி அவர்கள்,
ஹாதர்லி கவுன்சில், நகர மண்டபம்.

விடயம்: வீட்டு முறையீட்டுக் குழுவின் உறுப்பினராக நான் நியமிக்கப்பட்டமையும், நியமனங்களுக்கு முன் நடைபெற்றுவந்த பகிரங்கக் கேள்விக் கூட்டங்களை மீண்டும் நடத்தக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

குடியிருப்பாளர்கள் தம் சொந்த மொழியில் கவுன்சிலுக்கு எழுதலாம் என்று உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருப்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத எனக்கு இயலும். இரண்டு தடவை எழுதியும் பார்த்தேன். இரண்டு தடவையும் அது கோபக் கடிதமாக வந்தது. எனக்குக் கோபம் இல்லை.

1. கடந்த தை மாதம் கவுன்சில் தலைவரின் கையொப்பத்துடன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டு முறையீட்டுக் குழுவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு நான் உறுப்பினராக நியமிக்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. வீடு மறுக்கப்பட்டவர்களின் முறையீட்டைக் கேட்டு, கவுன்சில் செய்தது சரியா பிழையா என்று தீர்மானிக்கும் குழு அது. நான் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்பவள். எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தில் ஐந்தாறு வருடங்களாகச் செயலாளர். கடிதத்தைக் கண்டு நான் மகிழ்ந்தது உண்மை. என் கணவர் அன்றைக்கே கனடாவில் இருக்கும் தமையனாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார்.

2. ஆனால் அந்த நியமனத்துக்கு முன் என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் என் முறைப்பாடு. அது ஏன் ஒரு முறைப்பாடாகும் என்பதை விளங்கப்படுத்த, தாங்கள் இங்கே பொறுப்பேற்பதற்கு முந்திய காலத்தைப் பற்றிச் சற்று எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. நாங்கள் 1985இல் இந்த நகருக்கு வந்தோம். கவுன்சில் எங்களை ஒரு விடுதியில், ஒற்றை அறையில் இருத்தியது. கணவரும் நானும் இரண்டு பிள்ளைகளும். பகலில் அங்கே ஹீற்றரை நிறுத்திவிடுவார்கள். பக்கத்து அறையில் இருந்த பிலோமினம்மா என்ற விதவைத் தாய் ஒருநாள் வந்து, "சும்மா என்னோட வா பிள்ளை. நகர மண்டபத்தில ஏதோ கூட்டமாம், நல்லாச் சூடு போட்டிருக்கினம், தேத்தண்ணியும் குடுக்கினம்" என்றார். நான் முதன்முதலில் கேள்விக் கூட்டத்துக்குப் போனது அந்தச் சூட்டுக்காகத்தான். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்களே.

4. வியாழக்கிழமைகளில் கூடிய அந்தக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதைத் தங்கள் அலுவலகத்தில் இப்போது அறிந்தவர்கள் இருக்கிறார்களோ தெரியவில்லை. கவுன்சில் தலைவர் ஒரு பதவிக்கு ஒருவரைப் பிரேரிப்பார். பிரேரிக்கப்பட்டவர் மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையில் இருப்பார். கவுன்சிலர்கள் முதலில் கேட்பார்கள். பிறகு பொதுமக்கள் நாங்கள் இருந்த வாங்குகளிலிருந்து, விரும்பியவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். நூலகக் குழு, வீட்டுக் குழு, பாடசாலைகளின் நிருவாகக் குழு, எதுவானாலும் அதே கதிரை. மழைக்கோட்டுகள் காயும் மணம், இடையிடையே கீச்சிடும் மைக், தேநீர்ப் பாத்திரத்தின் முன்னால் வரிசை. அயர்லாந்துக்காரர், குஜராத்திகள், ஜமேய்க்காப் பெண்கள், எங்களில் சிலர். ஊரில் நான் வாக்களித்திருக்கிறேன். ஆனால் ஒருவர் பதவியில் ஏறுமுன் அவருடைய முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்பதை அந்த மண்டபத்தில்தான் கண்டேன்.

5. ஒருமுறை நூலகக் குழுவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். நன்றாகப் பேசினார். பிலோமினம்மா எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐயா எந்த நூலகத்துக்குப் போறனீங்கள்?" என்ற பொருளில் கேட்டார். குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. தான் போகும் நூலகத்தில் அந்த மனிதரைக் கண்டதாகப் பிலோமினம்மாவுக்கு ஒரு நினைவு. அந்த மனிதர் நெடுநேரம் யோசித்தார். அடுத்த கிழமை தன் பெயரை அவரே விலக்கிக்கொண்டார். பிலோமினம்மாவுக்குப் பெரிய மனவருத்தம். "நான் சுகம் விசாரிச்ச மாதிரித்தானே கேட்டனான்" என்று சொல்லிச் சொல்லி வந்தார். அவர் விலகிய செய்தி கேட்ட அன்றைக்கு வழியில் சிப்ஸ் வாங்கி, நடந்துகொண்டே தின்று, சிரித்துச் சிரித்து வீடு வந்தோம். நாட்டை விட்டு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

6. 1988ஆம் ஆண்டு மாரிகாலத்தில், இதே முறையீட்டுக் குழுவின் தலைவர் பதவிக்குத் திரு. வெதர்பி என்பவர் பிரேரிக்கப்பட்டார். தபால் பிரிக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. கவுன்சிலின் மொழிபெயர்ப்பாளர் திருமதி மங்கலம் என் பக்கத்தில் இருந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் எழும்பத் தயங்கியதைக் கண்டு, "கேளுங்கம்மா, பயப்படாதீங்க. நீங்க சொல்றத ஒரு சொல் குறையாம சொல்லிடுறேன்" என்றார். நான் கேட்டது இவ்வளவுதான்: "ஆங்கிலம் தெரியாத ஒருவர் உங்கள் முன்னால் வந்தால், நீங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவீர்களா, மொழிபெயர்ப்பாளருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவீர்களா?" எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்நாட்களில் என்னை யாரும் பார்ப்பதில்லை. என் கதையை நான் சொல்வேன், அவர்கள் மங்கலத்துக்குத் தலையாட்டுவார்கள்.

7. திருமதி மங்கலம் அதை மொழிபெயர்த்து முடித்ததும் திரு. வெதர்பி அவரைப் பார்த்தே பதில் சொல்லத் தொடங்கினார். பாதி வசனத்தில் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. மண்டபம் சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்து, "இப்போதே பிழை விட்டுவிட்டேன், அம்மா. இனிக் கவனமாக இருப்பேன்" என்றார். அவருக்குப் பதவி கிடைத்தது. கிடைக்க வேண்டுமென்று நானும் விரும்பினேன்.

8. அடுத்த கோடையில் எங்களுடைய சொந்த முறையீடு அவர் முன்னால் வந்தது. பிள்ளைகளின் நெஞ்சுச் சளி, அறையின் ஈரம், எல்லாம் சொன்னேன். முறையீடு நிராகரிக்கப்பட்டது. எங்களிலும் மோசமான நிலையில் பலர் முன்னால் நிற்கிறார்கள் என்று திரு. வெதர்பி சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மெதுவாக, நான் தலையசைக்கும் வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். ஆனால் ஏமாற்றப்பட்டேன் என்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. பின்னர் எங்கள் முறை வந்தபோது இந்த வீடு கிடைத்தது.

9. 1993இல் செலவையும் நேரத்தையும் காரணம் காட்டிக் கேள்விக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. அப்போது நான் ஒரு வரியும் எழுதவில்லை. வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று நாட்கள் போயின. பிலோமினம்மா மகனோடு லூயிஷாமுக்குப் போய்விட்டார். இப்போதும் தொலைபேசியில் கதைக்கும்போது, "அந்த வியாழக்கிழமையள் இப்ப இல்லையே" என்பார். மண்டபத்தைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சென்ற வருடம் அங்கே ஒரு திருமண வரவேற்புக்குப் போனேன். மணமக்கள் இருந்த சோடனை மேடையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கதிரை எந்த இடத்தில் இருந்தது என்றே மனம் தேடிக்கொண்டிருந்தது.

10. இனி நடந்ததைச் சொல்கிறேன். மாசி மாதத்தில் குழுவின் அமர்வுக்கு முதன்முறையாகப் போனேன். இரண்டாவது முறையீட்டாளர் திரு. பாலேந்திரா என்ற எங்கள் நாட்டு இளைஞர். மனைவியும் கைக்குழந்தையும் வந்திருந்தார்கள். கடை ஒன்றுக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார்கள். விசாரணை தொடங்குமுன் அவர் என்னைப் பார்த்து, மரியாதையாக, "அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களை இந்தக் கதிரையில ஆர் இருத்தினது?" என்று கேட்டார். கவுன்சில் தலைவர் என்றேன். "அவருக்கு உங்களைத் தெரியுமோ?" என்றார். இல்லை என்றேன். "ஓம், சரி" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

11. அவர் என்னை அவமதிக்கவில்லை, ஐயா. நாங்கள் விட்டு வந்த நாட்டில் அப்படியான கதிரைகளில் யாரோ ஒருவருடைய ஆள்தான் இருப்பார். வாய் திறக்குமுன் அவர் எவருடைய ஆள் என்று அறிந்துகொள்ள வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன அச்சம். நான் எவருடைய ஆளும் அல்ல என்று அவருக்கு எப்படிக் காட்டுவது? திரு. வெதர்பிக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவரை ஒரு மண்டபமே கேள்வி கேட்டிருந்தது. என்னால் அந்த வழக்கைக் கேட்க இயலாது என்று சொல்லி எழுந்துவிட்டேன். மூவர் இல்லாமல் குழு இயங்காது என்பதால் விசாரணை தள்ளிப்போடப்பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படியிறங்கிப் போனதை நினைத்தால் இப்போதும் மனம் கலங்குகிறது.

12. மறுநாள், நான் ஏன் தெரிவு செய்யப்பட்டேன் என்று தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டேன். பேசியவர் மிகவும் பண்பானவர். குழுவில் தமிழர் ஒருவர் இல்லாதது குறையாக இருந்ததாகவும், என் பெயர் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். குடியிருப்பாளர் சங்கத்தில் நான் செய்த வேலை பற்றி அவருக்குத் தெரியவில்லை. தமிழர் ஒருவர் வேண்டும் என்று கவுன்சில் நினைத்ததற்கு நன்றியுடையேன். ஆனால் தமிழச்சியாக இருக்க நான் ஒன்றும் செய்யவில்லை, பிறந்தேன், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் வீட்டைத் தீர்மானிக்க அது போதாது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

திரு. பாலேந்திராவின் முறையீட்டை வேறோர் உறுப்பினரை அமர்த்தி உடனே கேட்க வேண்டும். என் காரணமாக அவர்கள் அந்த அறையில் ஒரு நாளும் கூடுதலாக இருக்கக் கூடாது.

நியமனங்களுக்கு முந்திய கேள்விக் கூட்டங்களைக் கவுன்சில் மீண்டும் தொடங்க வேண்டும். எல்லாப் பதவிகளுக்கும் இப்போது முடியாவிட்டால் என்னுடையதிலிருந்து தொடங்கலாம். மண்டபம் கலியாணங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் பாடசாலை ஒன்றின் வகுப்பறை போதும். நான் எழுந்து நின்றும் பதில் சொல்வேன். என்னைக் கேட்டுப் பார்த்த பின் மக்கள் நான் தகுதியில்லை என்று கருதினால், தலைவர் தம் கடிதத்தை மீளப்பெறட்டும். அதுவரை நான் அமர்வுகளுக்கு வரமாட்டேன்.

இப்பதவி வேண்டாம் என்பதற்கு இது ஒரு மரியாதையான வழி என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. அந்தக் கதிரையில் இருந்து, வருபவரின் முகத்தைப் பார்த்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும் என்று எனக்கு மிகுந்த விருப்பம். அவ்வளவு விருப்பம் இருப்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சந்திரவதனா குகதாசன்
(ஒப்பம்)

இடம்: ஹாதர்லி, லண்டன்
திகதி: 18 மார்ச் 1997