நற்கருணைக்கு முன் கேட்ட மன்னிப்பு

ஞாயிறு, பௌர்ணமி.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, "நீங்க சரியா பாத்துக்கல" என்று அண்ணியைப் பார்த்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஆறு மாதமாகப் பேச்சில்லை.

இன்று சபையில் நற்கருணை அப்பம் வாங்கும் நாள். மனஸ்தாபத்தோடு எடுக்கக் கூடாது. ஆராதனை நடுவிலேயே அண்ணி இருந்த பெஞ்சுக்குப் போய், "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "அப்பம் வாங்கணுமேன்னு கேக்கற. இங்க பக்கத்துல வேங்கிக்கால்லதான இருக்கேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்தியா?"

நான் போய் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டேன். மனதில் வருத்தம் இன்னும் இருக்கிறது என்று அண்ணி அப்பம் வாங்க எழுந்தே வரவில்லை. எங்களில் யார் வேதத்தின்படி நடந்தது?

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் புறப்பட்டுப் புடவைகூட மாற்றினேன். கிரிவலக் கூட்டம், ஆட்டோ கிடைக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனையில் இரண்டு ஆட்டோ காலியாகத்தான் நின்றன.